பாப்கார்ன் சீலிங்கைச் சுரண்டிய பிறகு: ஜின்சர் கார்ட்ஸ் சீலர்

அமெரிக்காவில் எழுபதுகளில் கட்டப்பட்ட வீட்டை வாங்குவோருக்குப் பெரும்பாலும் பாப்கார்ன் சீலிங்கும், அதாவது சோளப்பொரி ஒட்டியதுபோல் மேடுமேடாகப் பூச்சு தெளித்த கூரையடியும், சேர்ந்தே வந்துவிடுகிறது. தண்ணீர் தெளித்து ஊறவிட்டுச் சுரண்டினால் அந்தச் சொரசொரப்புப் பூச்சு எளிதில் உதிரும். ஆனால் அதன் மேல் யாரேனும் பெயின்ட் அடித்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்காது, ஸ்கிரேப்பர் டிரைவால் பலகையின் (இருபுறமும் தாள் ஒட்டிய ஜிப்சம் பலகை) மேல்தாளைக் கிழித்து, அடியிலுள்ள பழுப்புத் தாளை வெளியே காட்டிவிடும். எங்கள் கூடத்துச் சீலிங்கும் அந்தக் கதிக்குத்தான் ஆளானது. (ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பூச்சு 1978இல் தடைசெய்யப்பட்டாலும், கையிருப்பைத் தீர்க்க அனுமதி இருந்தது. ஆகவே ஆய்வகச் சோதனைக்கு முன் சுரண்டத் தொடங்கவே கூடாது.)

பழுப்புத் தாளின் மேல் நேராக ஜாயின்ட் காம்பவுண்டை (டிரைவாலைச் சமன்செய்யும் பட்டிக் கலவை) பூசினால், அதிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தாள் கொப்புளம் கொப்புளமாக உப்பிவிடும். அதைத் தடுப்பதற்கென்றே வருவதுதான் ஜின்சர் நிறுவனத்தின் கார்ட்ஸ் என்ற சீலர், அதாவது தாளுக்குள் ஊறி இறுகும் திரவப் பூச்சு. பிய்ந்த ஓரங்களைக் கத்தியால் அறுத்தெடுத்து, பிசிறுகளை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டுப் பூசினால், தாள் அதைக் குடித்து இறுகிக்கொள்கிறது. முன்பு நகம் பட்டாலே உரிந்து வந்த இடத்தைக் காய்ந்தபின் கீறிப் பார்த்தேன். சற்றே பளபளப்பான, கெட்டியான பரப்பாக மாறியிருந்தது. அதன் மேல் பட்டி பார்த்தபோது ஒரு கொப்புளம்கூட எழவில்லை.

உள்ளே ஊடுருவ வேண்டும் என்பதற்காக இதை மிக நீர்க்கவே தயாரித்திருக்கிறார்கள். சுவரில் பூசும்போது இது பொருட்டல்ல. தலைக்கு மேல் பூசும்போதோ ரோலரிலிருந்து முழங்கை வரை வழிகிறது. குட்டை ரோமமுள்ள ரோலரை நன்றாகப் பிழிந்து பயன்படுத்துவதும், கண்ணாடி அணிவதும், தரை முழுவதும் விரிப்புப் போடுவதும் அவசியம்.

இது மேடுபள்ளத்தைச் சமன்செய்யாது; அதற்கு அகலத் தகட்டால் காம்பவுண்டை மெல்லிய அடுக்குகளாக இழுத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் நேரத்தில் கோடுகளைப் பார்த்துத் தேய்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பழைய ஒழுகல் கறையையும் இது மறைக்காது. அந்த இடத்துக்கு ஷெல்லாக் (அரக்கு) பிரைமர் என்ற அடிப்பூச்சு தனியாக வேண்டும். கடைசியில் பளபளப்பில்லாத ஃபிளாட் பெயின்ட்டை அடித்தால் எஞ்சிய சிறு குறைகள் கண்ணில் படுவதில்லை.

தாள் கிழியாமல் பூச்சு வந்துவிட்ட சீலிங்குக்குச் சாதாரண டிரைவால் பிரைமரே போதும், இந்தச் செலவு தேவையில்லை. பழுப்புத் தாள் தெரிந்துவிட்டால் மட்டும் காம்பவுண்ட் வாளியைத் திறப்பதற்கு முன் இதை வாங்கிவிடுங்கள்.