உறைபனி நிலமா, முத்துராஜவெலவா? செயற்றிட்டத்துக்கு எது தோது?

வெள்ளவத்தையில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் சிலர் காபன் பற்றிய செயற்றிட்டத்துக்கு சைபீரிய உறைபனி நிலத்தை (வருடக்கணக்காக உறைந்தே கிடக்கும் மண்) எடுப்பதா, பக்கத்திலுள்ள முத்துராஜவெல சதுப்பை எடுப்பதா என்று மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

இருப்பு: வடக்கின் உறைபனி நிலத்தில் சுமார் 1,500 பில்லியன் தொன் காபன், வளிமண்டலத்தில் உள்ளதைப்போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. முத்துராஜவெல அதன் முன் தூசு.

காவல்: அங்கே குளிர், இங்கே நீர். சுவாரசியமே இதில்தான். இலையும் வேரும் உக்காமல் கிடப்பது அங்கே நுண்ணங்கிகள் குளிரில் முடங்கியிருப்பதால், இங்கே நீருக்கடியில் அவற்றுக்கு ஒட்சிசன் போதாததால். வெப்பம் ஏறி நிலம் உருகினால், வடிந்த மேட்டில் காபனீரொட்சைட்டு வரும்; நீர் தேங்கிய பள்ளத்தில் மெதேனும் வரும். 100 வருடக் கணக்கில் மெதேன், அதே எடை காபனீரொட்சைட்டைப்போல சுமார் 28 மடங்கு சூடேற்றும். கோடை நீள்வதால் செடிகள் கொஞ்சம் காபனைத் திரும்ப உறிஞ்சும். இதை எழுதாமல் விட்டால் ஆசிரியர் பிடித்துவிடுவார். முத்துராஜவெலவில் நீரை வடித்தாலே போதும், உக்கல் தொடங்கிவிடும்.

செலவு: அங்கே டேட்டா, இங்கே பஸ் காசு. சரணாலயப் பகுதியில் மண் அள்ளுவதற்கு முன் அனுமதி கேளுங்கள்.

செய்துகாட்டல்: ஈர மண்ணோடு சிறு கிண்ணத்தில் சுண்ணாம்பு நீர் வைத்து இரண்டு போத்தல்களை மூடுங்கள். ஒன்று ஃபிரிட்ஜில், மற்றது மேசையில். சூட்டில் உக்கல் வேகமாகி காபனீரொட்சைட்டு கூடுவதால், மேசைப் போத்தலில்தான் சுண்ணாம்பு நீர் முதலில் பால்நிறமாகும்.

வரைபடமும் எண்களும் பிடித்தவர்களுக்கு உறைபனி. கையில் சேறு படப் பயமில்லையா, சரி, முத்துராஜவெல. என் வாக்கும் அதற்கே.