காரைக்குடி வெயிலுக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட்: போட்டுப் பார்த்தாச்சு

மேல்மாடியில் படுக்கிறவர்களுக்குத் தெரியும், கத்திரி வெயில் காலத்தில் ராத்திரி பதினொரு மணிக்கும் கூரை அனல் கக்கும், பகலெல்லாம் குடித்த சூட்டைக் கான்கிரீட் அப்போதுதான் இறக்குகிறது. வெயிலைத் திருப்பி அனுப்பிவிட்டால் இறக்க எதுவும் இருக்காதே என்றுதான் இந்தப் பெயிண்டை அடித்தோம்.

வேலை செய்கிறது. உச்சி வெயிலில் கொடியில் கிடக்கும் துணியை எடுக்கச் செருப்பில்லாமல் போக முடிகிறது, முன்பு நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஆனால் "ஏசியே வேண்டாம் சார்" என்று கடையில் சொல்வதை நம்பாதீர்கள். ஏசி சீக்கிரம் குளிர்ந்து கட் ஆகிறது, கரண்ட் மிச்சமாவது அதில்தான். மேற்குச் சுவர் வழியாக வரும் சூட்டுக்கு இது ஒன்றும் செய்யாது, கீழ்வீட்டில் வித்தியாசமே தெரியாது.

பெரிய பிரச்சினை அழுக்கு. புதிதாக இருக்கும்போது 80 சதவீதம் வரை வெயிலைத் திருப்பும், சாதாரண சிமெண்ட் தளம் அதில் பாதிகூடத் திருப்பாது. ஆனால் நம்மூர் செம்மண் புழுதியும் வேப்பஞ்சருகும் புறா எச்சமும் படிந்தால் அந்த வெள்ளை எங்கே நிற்கும்? மாசி முடிவதற்குள் ஒருமுறை தேய்த்துக் கழுவியே ஆக வேண்டும்.

அப்புறம் பெயிண்டர். தளத்தைச் சுத்தமாகக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, விரிசலை அடைத்து, பிரைமர் போட்டு, அதற்குமேல் இரண்டு கோட். எங்களுக்கு வந்தவர் தொட்டி ஓரத்துப் பாசியைச் சுரண்டாமல் மேலேயே பூசிவிட்டுப் போனார், முதல் மழையிலேயே அங்கே பொருக்குப் பொருக்காக உரிந்துவிட்டது.

பழைய செட்டிநாட்டு வீட்டுக்காரர்கள் அவசரப்பட வேண்டாம். நாட்டு ஓடு, உயர்ந்த கூரை, முற்றம் எல்லாம் இருக்கும் வீட்டுக்கு இது எதற்கு? சுண்ணாம்புத் தளத்தில் இதைப் பூசி மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும், அங்கே சுண்ணாம்பே அடியுங்கள், மலிவு, மழையில் கரைந்தால் மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

தெலங்கானாவில் 2023இல் கூல் ரூஃபுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தார்கள். அப்படித் தெருவே வெள்ளையானால்தான் வெளிக்காற்றுச் சூடு குறையும், எங்கள் ஒரு மாடியால் பக்கத்து வீட்டு ஜன்னலில் கண் கூசுகிறது என்ற புகார்தான் மிச்சம்.

வாங்கும்போது வாளியில் எஸ்ஆர்ஐ எண்ணைப் பாருங்கள் (வெயிலைத் திருப்பிச் சூடேறாமல் இருக்கும் திறனுக்கான அளவு), 100ஐ ஒட்டி இருக்க வேண்டும், பார்க்காவிட்டால் சுவருக்கு அடிக்கும் வெள்ளையைத் தலையில் கட்டிவிடுவார்கள். பெயிண்டுக்கு ஐந்துக்கு நான்கு. பெயிண்டருக்குத் தனியாகக் கேட்டால் ஒன்று.