டூ ஸ்ட்ரோக், ஃபோர் ஸ்ட்ரோக், மின்சாரம்: எந்த ட்ரையல்ஸ் பைக்கோடு சனிக்கிழமை மாலையைக் கழிப்பீர்கள்?

ட்ரையல்ஸ் பைக் வாங்க வருகிறவர் "எது வேகமாகப் போகும்?" என்று கேட்டால், அவர் வேறு பந்தயத்துக்குப் போக வேண்டியவர். இங்கே பாதி நேரம் நடை வேகம்தான். வண்டியில் உட்கார இருக்கையே கிடையாது. பாறை, மரவேர், ஓடை, சேற்றுச் சரிவு என்று நாடா கட்டி எல்லை குறித்த ஒரு பகுதிக்குள் நுழைந்து, கால் தரையில் படாமல் மறுபக்கம் வெளியே வர வேண்டும். ஒருமுறை கால் ஊன்றினால் 1 புள்ளி, இருமுறை என்றால் 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3. விழுந்தாலோ நாடாவைத் தாண்டினாலோ 5. குறைந்த புள்ளி வாங்கியவருக்குத்தான் கோப்பை. சாதாரண மன்றப் போட்டி என்றால் பெரும்பாலும் பத்துப் பகுதிகள், மூன்று அல்லது நான்கு சுற்றுகள். முப்பது, நாற்பது முறை அதே கிளட்ச், அதே த்ராட்டில், அதே முழங்கால்.

அதனால் எஞ்சின்களை ஒப்பிடும்போது நான் சனிக்கிழமை மாலையிலிருந்துதான் தொடங்குவேன். ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவதற்கு, முந்தைய நாள் எவ்வளவு நேரம் வண்டியின் அருகே குந்தியிருக்க வேண்டும்? பாதிப் போட்டியில் மக்கர் செய்தால் யார் கையால் அது சரியாகும்?

பட்டங்களை வைத்து முடிவெடுக்கலாமே என்பீர்கள். முடியாது. ட்ரையல்ஸ் வீரர் சம்மி மில்லர் ஏரியல் நிறுவனத்தின் 500 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் போட்டியை வென்றவர். பிறகு புல்டாகோ நிறுவனத்தோடு சேர்ந்து ஷெர்பா என்ற இலகுவான டூ ஸ்ட்ரோக்கை உருவாக்கி, 1965இல் அதே போட்டியை அதில் வென்றார். கனமான ஃபோர் ஸ்ட்ரோக்கின் காலம் முடிந்தது என்றார்கள். ஆனால் எடி லெஜோன் 1982, 83, 84 என்று மூன்று ஆண்டுகள் ஹோண்டா ஃபோர் ஸ்ட்ரோக்கில் உலகப் பட்டம் வாங்கினார். அதன்பின் 22 ஆண்டுகள் டூ ஸ்ட்ரோக்கின் ஆட்சி. 2007இல் டோனி போ மொண்டேசா நிறுவனத்தின் ஃபோர் ஸ்ட்ரோக்கோடு வந்தார். 2024 வரை ஒரு பட்டத்தைக்கூட வேறு யாருக்கும் விடவில்லை. இந்த வரலாற்றிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றுதான்: நாம் டோனி போ இல்லை.

டூ ஸ்ட்ரோக்கை முதலில் பார்ப்போம். என் கொட்டகையில் நிற்பதும் அதுதான், ஆகவே கொஞ்சம் சார்பு இருக்கும். பெட்ரோல் டாங்கி மிகச் சிறியது, இரண்டு மூன்று லிட்டர்தான். அந்தப் பெட்ரோலில் எண்ணெயை அளந்து கலக்க வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தை விட்டு "இன்னும் கொஞ்சம் ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது" என்று நினைப்பவரின் பிளக் அடிக்கடி கரி பிடிக்கும். ஏர் ஃபில்டர் என்பது பஞ்சு. அதைக் கழுவி, நிழலில் உலர்த்தி, ஃபில்டர் எண்ணெயை ஊற்றிப் பிசைய வேண்டும். எங்கும் ஒரே நிறமாகும் வரை பிசைந்து, அதிகமானதைப் பிழிந்து எடுக்க வேண்டும். முறுக்கினால் பஞ்சு கிழிந்துவிடும். விளிம்பில் மெல்லிய கிரீஸ் தடவி உட்கார வைத்தால் சேற்று நீர் ஓரமாக உள்ளே நுழையாது. இதற்கு அரைமணி நேரம். கியர் எண்ணெய் மாற்றுவது அதைவிடச் சுலபம், கிளட்ச் பிளேட்டும் அதே எண்ணெயில்தான் நனைகிறது. பிஸ்டன், ரிங் மாற்றும் வேலைகூட, நிதானமாகச் செய்யத் தெரிந்தவருக்கு ஒரு மாலைப் பொழுதுதான்.

இதன் உண்மையான அருமை போட்டி நடுவில் தெரியும். ஒருமுறை மூன்றாம் சுற்றில், ஆறாவது பகுதிக்கு முன்னால் என் வண்டி மெதுவாக ஓடும்போது திணற ஆரம்பித்தது. த்ராட்டிலைத் திருகினால் சரியாகிவிடும், விட்டால் அணைந்துவிடும். ஒரு பாறைக்குப் பின்னால் ஒதுங்கி, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் சிறு துளையான பைலட் ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். ஓட்டையே தெரியவில்லை. வாயால் ஊதினேன், கண்ணுக்கே தெரியாத ஏதோ ஒரு துகள் போனது. பத்து நிமிடத்தில் வண்டி தயார். ஆறாவது பகுதியில் விழுந்து 5 வாங்கியது என் சொந்தத் திறமை, அதற்கு வண்டியைக் குறை சொல்ல மாட்டேன்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் இந்தக் கதைக்கு இடமில்லை. மொண்டேசாவின் 4ஆர்டி மாடல் 2005இல் எரிபொருள் இன்ஜெக்ஷனோடு வந்தது. அதில் பாட்டரி கிடையாது, உதைக்கும் வேகத்தில் பிறக்கும் மின்சாரமே பம்பையும் பொறியையும் எழுப்புகிறது. அடைக்க ஜெட் இல்லை, எண்ணெய் கலக்க வேண்டாம். செங்குத்தாக இறங்கும்போது எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் விரலுக்குப் பாதி வேலை. ஈரமான வேர்களில் பின்சக்கரம் பதறாமல் ஒட்டி ஏறுவதை ஒருமுறை உணர்ந்தவர் டூ ஸ்ட்ரோக்குக்குத் திரும்புவது கடினம்.

கணக்கு வேறு இடத்தில் நேராகிறது. எஞ்சின் எண்ணெய் தனி, கியர் எண்ணெய் தனி, அதற்கொரு ஃபில்டர். வால்வு இடைவெளியைக் குறித்த காலத்தில் சரிபார்க்க வேண்டும். நாள் முழுக்கத் தூக்கித் திருப்பும்போது கூடுதல் எடை சில கிலோதான் என்றாலும், கடைசிச் சுற்றில் அது நன்றாகவே தெரியும். விழுந்து எழுந்த சூட்டில் பதற்றத்தோடு அரைகுறையாக உதைத்தால் கிளம்பாது. மூச்சு வாங்கிக்கொண்டு முழுமையாக உதைக்க வேண்டும். என்னோடு ஓட்டும் நண்பரின் ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டு ஆண்டுகள் அவர் கையில் அழுக்கே படாமல் ஓடியது. பிறகு ஒருநாள், முதல் பகுதிக்கு முன்பே, பொறி வரவில்லை. ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று பார்த்தோம். பார்க்கத்தான் முடிந்தது.

மின்சார வண்டியைச் சில ஆண்டுகள் முன்புவரை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கியவன் நான். இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. உலக அளவில் 2017இலேயே அதற்குத் தனிக் கோப்பை வந்துவிட்டது. ஃபில்டர், பிளக், சைலன்சர் என்று எதுவும் இல்லை. பயிற்சி இடத்தைச் சுற்றி வீடுகள் இருந்தால், சத்தம் போடாத வண்டிக்கு மட்டுமே அனுமதி கிடைக்கும் நிலை வரும். அப்போது இந்த ஒப்பீடே தேவையில்லை. இதில் ஓட்டிப் பார்த்தபோது எனக்குப் புதிதாக இருந்தது, டயர் கல்லில் வழுக்கும் ஒலி. எஞ்சின் சத்தத்தில் இத்தனை நாள் அது என் காதில் விழுந்ததே இல்லை. வழுக்கல் தொடங்கும் அந்தக் கணத்திலேயே கை தானாகத் த்ராட்டிலைக் குறைக்கிறது.

ஆனால் உயரமான படிப்பாறைக்கு, எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் வேகத்தைச் சேர்த்துவைத்துக் கிளட்சை விட்டு எகிற வேண்டும். கிளட்ச் இல்லாத மின்சார மாடலில் அந்தப் பழக்கம் வளராது. கிளட்ச் உள்ளவை வந்துவிட்டன, வாங்கினால் அதைத்தான் வாங்க வேண்டும். பகுதிகளுக்கு இடையே நீண்ட சேற்றுப் பாதை இருந்தால் பாட்டரி வேகமாகக் கரையும். மைதானத்தில் மின்இணைப்பு இருக்காது. மாற்றுப் பாட்டரி இல்லாமல் நான்கு சுற்றுப் போட்டிக்குப் போவது சூதாட்டம்.

இரட்டை ஷாக் அப்சார்பர் வைத்த பழைய வண்டிகளும் உண்டு, அவற்றுக்குத் தனிப் பிரிவும் உண்டு. அழகானவை. பாகம் தேடுவதையே பொழுதுபோக்காகக் கொள்பவருக்கு மட்டும்.

மூன்றில் எதை வாங்கினாலும் தப்பிக்க முடியாத வேலைகள் சில இருக்கின்றன. பின் டயரின் காற்று 4 அல்லது 5 பிஎஸ்ஐ, முன்பக்கம் சற்றே அதிகம். பெட்ரோல் நிலையத்துக் காற்றுமானி இந்த அளவில் வெறும் அலங்காரம், குறைந்த அழுத்தத்துக்கான தனி மானி வேண்டும். சேற்றைக் கழுவ உயரழுத்த நீரைப் பாய்ச்சுகிறவர்கள், பின் சஸ்பென்ஷன் இணைப்பின் பேரிங்குகளுக்குள் நீரைச் செலுத்தி, கிரீஸை வெளியே தள்ளுகிறார்கள். அடுத்த ஆண்டு அந்த போல்ட்டைச் சுத்தியலால் அடித்துத்தான் கழற்ற முடியும். சில மாடல்களில் கிளட்சுக்கு மினரல் எண்ணெய், பிரேக்குக்கு டாட் 4 என்ற பிரேக் திரவம். மாற்றி ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெட்டுப்போகும். மூடியைத் திறப்பதற்கு முன் அதன்மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். மணிக்கட்டில் மாட்டும் காந்தக் கயிறு, விழும்போது எஞ்சினை அணைப்பது, வேலை செய்கிறதா என்று கிளம்புமுன் இழுத்துப் பாருங்கள். வண்டிச் சோதனையில் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

என் தீர்ப்பு இது. ஸ்பேனர் பிடிக்கத் தயங்காத புதியவருக்கு 250 சிசி டூ ஸ்ட்ரோக், அதிலும் கார்புரேட்டர் வைத்தது. சக்தி மிரட்டினால் 125 வேண்டாம். 250இலேயே ஃப்ளைவீல் எடையைக் கூட்டிக்கொள்ளலாம், கீழ்வேகத்தில் சாதுவாகிவிடும். கையில் கிரீஸ் படுவதை வெறுப்பவர், ஆனால் சர்வீஸ் தேதியை மறக்காதவர், ஃபோர் ஸ்ட்ரோக் எடுக்கலாம். பயிற்சியே முக்கியம், போட்டி எப்போதாவது என்றால் மின்சாரம்.

இன்னும் மனம் ஒருபக்கம் சாயவில்லை என்றால், வாங்குவதற்கு முன் ஒரு போட்டிக்கு நடுவராகப் போங்கள். மன்றங்களில் நடுவருக்கு எப்போதும் தட்டுப்பாடு, கேட்டால் மறுக்க மாட்டார்கள். மடக்கு நாற்காலி, குடை, ஈரத்திலும் எழுதும் பென்சில் போதும். ஒரே பாறையில் ஒரே நாளில் எல்லா வகை வண்டியும் உங்கள் முன்னால் ஏறும், சில ஏறாது. மூன்றாம் சுற்றில் யார் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.