மேற்பார்வையாளர்களுக்கான இரண்டு மணி நேரப் பயிற்சி: ஒரு மதிப்பீடு

கலிபோர்னியாவில் 5 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனம், பாலியல் தொல்லைத் தடுப்புப் பயிற்சியை மேற்பார்வையாளர்களுக்கு 2 மணி நேரமும் மற்றவர்களுக்கு 1 மணி நேரமும், 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை அளித்தாக வேண்டும். எங்கள் அலுவலகம் அதற்காக ஒரு தனியார் நிறுவனத்தின் இணையவழி வகுப்பை வாங்கியிருந்தது.

வகுப்பின் சிறந்த பகுதி, கூட்டாட்சிச் சட்டத்தையும் மாநிலச் சட்டத்தையும் அருகருகே வைத்து விளக்கிய அரை மணி நேரம்தான். வேலையிடப் பாகுபாட்டைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டமான 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் பிரிவு 15 ஊழியர்களுக்குக் குறையாத நிறுவனங்களையே கட்டுப்படுத்துகிறது; மாநிலச் சட்டத்தின் பாகுபாட்டுத் தடையோ 5 பேர் இருந்தாலே பொருந்துகிறது, தொல்லைத் தடை ஒருவர் இருந்தாலே பொருந்துகிறது. கூட்டாட்சி அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் முறையிட இங்கே 300 நாள்கள் அவகாசம். மாநிலத்தின் குடிமை உரிமைகள் துறையிடம் 3 ஆண்டுகள். சிறிய கடையில் வேலை பார்ப்பவருக்கு இந்த வேறுபாடே எல்லாமும் ஆகும் என்பதைப் பயிற்றுநர் தெளிவாக உணர்த்தினார்.

சாதி குறித்து ஒரு சொல்லும் இல்லாதது பெருங்குறை. சியாட்டில் நகரம் 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்ததும், அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியாவில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்க வந்த மசோதாவை, வம்சாவளி முதலியவற்றின் அடிப்படையிலான பாகுபாடு ஏற்கெனவே தடுக்கப்பட்டுள்ளது என்று கூறி ஆளுநர் நியூசம் நிராகரித்ததும் இந்திய ஊழியர்கள் நிறைந்த அலுவலகத்தில் அவசியம் பேசப்பட வேண்டியவை. இறுதித் தேர்வு குழந்தைக்கும் எளிது. மாநிலத் துறையே இத்தகைய பயிற்சியை இலவசமாக வழங்கும்போது, இதற்குப் பணம் கொடுத்தது ஏனென்று விளங்கவில்லை.