மலை மேலுள்ள கணினியை அடிவாரத்திலிருந்து இயக்க மூன்று வழிகள்

போடிநாயக்கனூரில் கடை வைத்திருக்கும் ஏலக்காய் வணிகர்கள் சிலருக்குக் கேரளப் பக்கம் பூப்பாறையிலோ சாந்தன்பாறையிலோ கிடங்கும், அங்கே கொள்முதல் கணக்கு ஏறும் கணினியும் உண்டு. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறாமலே அந்தக் கணினியை இயக்க விரும்புவோருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: ஒன்று, எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற திரைப்பகிர்வுச் செயலி; இரண்டு, ரவுட்டரில் போர்ட் (இணைப்புகள் வந்து சேரும் எண்ணிட்ட வாசல்) திறந்துவிட்டு, தொலைவிலுள்ள கணினியை இங்கிருந்தே இயக்க விண்டோஸில் உள்ள ரிமோட் டெஸ்க்டாப் வசதி; மூன்று, விபிஎன் (இணையத்தின் ஊடே இரு இடங்களை இணைக்கும் தனி வழி) அமைத்து, அதன் வழியாக அதே ரிமோட் டெஸ்க்டாப்.

இவற்றை ஒப்பிடுவதற்கு முன், வலையமைப்பில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியைப் பற்றித் தெளிவு வேண்டும். கிடங்குக் கணினிக்கு இருக்கும் 192.168 என்று தொடங்கும் முகவரி அந்தக் கட்டடத்துக்குள் மட்டுமே செல்லும். எஸ்டேட் லயங்களுக்கு (தொழிலாளர் குடியிருப்புகளுக்கு) வரும் கடிதங்கள் முதலில் எஸ்டேட் அலுவலகத்துக்கு வந்து, கணக்கப்பிள்ளை கையால் உரியவரிடம் போய்ச் சேர்வதைப் போல, வெளியுலகம் அறிந்திருப்பது ரவுட்டரின் பொது முகவரியை மட்டும்தான். 'நாட்' எனப்படும் இந்த ஏற்பாட்டில், உள்ளிருந்து கேட்டதற்கு வரும் பதில் சரியாகப் போய்ச் சேரும். கேட்காமல் வருவதை யாரிடம் கொடுப்பது என்று ரவுட்டருக்குத் தெரியாது. மொபைல் இணைப்புகளில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ஐபிவி4 என்ற பழைய வகை ஐபி முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 429 கோடி என்பதால், சேவை நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியின் பின்னால் வைக்கின்றன. ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால் அதுவே அடையாளம்; அங்கே போர்ட் திறந்தும் பயனில்லை.

திரைப்பகிர்வுச் செயலிக்கு இந்தத் தடை இல்லை. இரு கணினிகளும் தாமாகவே வெளியே சென்று செயலி நிறுவனத்தின் சர்வரில் சந்தித்துக்கொள்வதால், எந்த ரவுட்டரின் பின்னாலிருந்தும் அது வேலை செய்யும். ஒரே திரையை இருவரும் பார்க்கலாம் என்பதால், ஊழியருக்குச் சொல்லிக்கொடுக்கவும் பழுது பார்க்கவும் நான் இதையே பரிந்துரைப்பேன். ஆனால் செயலி காட்டும் அடையாள எண்ணைத் தொலைபேசியில் கேட்டு வாங்கிப் பணம் பறிக்கும் மோசடிக்கும் இதே வசதிதான் வழியாகிறது. 2019இல் ரிசர்வ் வங்கியே வங்கிகளை எச்சரிக்க நேர்ந்தது. முகம் தெரியாதவருக்கு அந்த எண்ணைச் சொல்லக் கூடாது என்பதை ஊழியருக்கு முதல் நாளே அழுத்திச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வழியை நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன். ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட் எண் 3389 என்பது உலகறிந்தது. அதைத் திறந்து வைத்தால் கடவுச்சொல்லை ஊகிக்கும் தானியங்கி நிரல்கள் இரவு பகலாக முட்டிக்கொண்டே இருக்கும். போர்ட் எண்ணை மாற்றினாலும், எல்லாப் போர்ட்டுகளையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரலுக்கு அது தப்பாது. 2019இல் வெளியான புளூகீப் என்ற பழுது, பழைய விண்டோஸ் பதிப்புகளில் கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே நுழைய வழி விட்டது.

மூன்றாவது வழியில் அதே ரிமோட் டெஸ்க்டாப்தான், ஆனால் 3389 இணையத்துக்குத் தெரியாது. வயர்கார்டு போன்ற விபிஎன், இரு இடங்களுக்கும் இடையே மறையாக்கம் செய்த சுரங்கப்பாதையை அமைக்கிறது. உரிய சாவி இல்லாதவர் அனுப்புவதற்கு அது பதிலே தராது. பொது முகவரி ஏதேனும் ஒரு முனைக்கு இருந்தால் போதும். போடி அலுவலக பிராட்பேண்டுக்கு நிலையான ஐபி வாங்கி, வயர்கார்டுக்குரிய ஒரு போர்ட்டை மட்டும் அங்கே திறந்துவிட்டால், மலை மேலுள்ள கணினியே கீழே அழைத்து இணைந்துகொள்ளும். 25 விநாடிக்கு ஒருமுறை சிறு செய்தி அனுப்பும்படி அமைத்தால் நடுவிலுள்ள நாட் அந்த வழியை மூடிவிடாது.

இதற்கும் குறைகள் உண்டு. முதல் அமைப்புக்கு விவரம் தெரிந்தவர் தேவை. கிடங்குக் கணினியில் விண்டோஸ் ஹோம் இருந்தால் ரிமோட் டெஸ்க்டாப்பை ஏற்காது, ப்ரோ பதிப்பு வேண்டும். தொலைவிலிருந்து ஒருவர் நுழைந்தால் அங்கே அமர்ந்திருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். விபிஎன் இருக்கிறதே என்று கணக்குக் கோப்பை நேராகப் போடியிலிருந்து திறப்பவர்களும் உண்டு. அப்போது தரவு முழுவதும் துண்டு துண்டாக மலையிறங்கி வர வேண்டியிருப்பதால் வேகம் படுத்துவிடும். எழுதும் நடுவில் இணைப்பு அறுந்தால் கோப்பே கெடலாம். ரிமோட் டெஸ்க்டாப்பில் திரை மாற்றங்கள் மட்டுமே பயணிக்கும், கணக்கு மேலேயே பத்திரமாக இருக்கும்.

ரவுட்டர் போன்ற கருவிகளைத் தொலைவிலிருந்து கட்டளை வரியில் (எழுத்துக் கட்டளைகளைத் தட்டி) இயக்குவோர் டெல்நெட் என்ற பழைய தொடர்பு முறையை விட்டு, மறையாக்கம் செய்யும் எஸ்எஸ்எச் முறையைப் பயன்படுத்த வேண்டும். டெல்நெட் கடவுச்சொல்லை வெளிப்படையாகவே அனுப்புகிறது. தாம் பணிபுரிந்த ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதைக் கண்ட தாத்து யூலோனென், 1995இல் எஸ்எஸ்எச்சை உருவாக்கினார்.

எந்த வழியானாலும் மலை மேலுள்ள கணினி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மழைக்காலத்தில் மின்சாரம் போய் வரும்போது அது தானே எழும்படி பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரலில்) அமைத்து வைக்கலாம். விண்டோஸில் வயர்கார்டு ஒரு சேவையாக ஓடுவதால், யாரும் கடவுச்சொல் இட்டு உள்ளே நுழையும் முன்பே சுரங்கப்பாதை தயாராகிவிடும்.