நார்னியா ஒற்றைத் தொகுப்பு: வாங்கலாம், வரிசையை மட்டும் நம்ப வேண்டாம்

சிங்கப்பூர் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஒரு பழைய புத்தகக் கடையில் சி.எஸ். லூயிஸின் நார்னியா கதைகள் ஏழும் ஒரே நூலாகக் கிடைத்தது. இருபது வெள்ளிக்கும் குறைவு. பாலின் பேய்ன்ஸின் கோட்டோவியங்கள் உள்ளே இருக்கின்றன. கனம்தான் தொல்லை. தொடக்கநிலை நான்கில் படிக்கும் மகள் தரையில் விரித்து வைத்துத்தான் படிக்கிறாள். எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு படிப்பதெல்லாம் நடக்காது.

என் பெரிய புகார் வரிசை பற்றியது. முதலில் வெளிவந்தது, 1950இல், ‘த லயன், த விட்ச் அண்ட் த வார்ட்ரோப்’. இதிலோ 1955இல் வந்த ‘த மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’ முன்னால் நிற்கிறது. கதைப்படி அது முந்தைய காலமாம். அதில் அஸ்லான் என்ற சிங்கம் பாடிப் பாடியே ஓர் உலகத்தைப் படைக்கிறது. பைபிளின் படைப்புக் கதையான ஆதியாகமம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அஸ்லான் யாரென்ற குட்டு அங்கேயே உடைந்துவிடும். அப்புறம் அடுத்த கதையில் அஸ்லான் என்ற பெயர் காதில் விழுந்ததுமே எட்மண்ட் என்ற சிறுவனுக்குத் திகில், அவன் தங்கை லூசிக்கோ விடுமுறையின் முதல் காலை விழித்தெழுந்த குதூகலம். அது யாரென்று அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது என்கிறார் லூயிஸ். நமக்குத்தான் தெரிந்துவிட்டதே! 1957இல் ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில் லூயிஸே இந்தக் கால வரிசையை ஆதரித்தார். இருக்கட்டும், எனக்கு ஒப்பவில்லை.

‘த லயன்’ கதையில் வரும் கல்மேசைக் காட்சிக்காகவே இந்த நூலை வாங்கலாம். எட்மண்டின் துரோகத்துக்காகச் சிங்கம் தன்னையே கொடுக்கிறது. பிடரியை மழித்து, கேலி செய்து, கட்டிப்போட்டுக் கொல்கிறார்கள். அக்கா சூசனும் லூசியும் இரவெல்லாம் அழுகிறார்கள். எலிகள் வந்து கயிற்றைக் கடித்து அறுக்கின்றன. விடியும்போது மேசை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது, உடலைக் காணோம். “அம்மா, இது இயேசுவின் கல்லறைக்குப் போன மகதலேனா மரியாள்தானே?” என்றாள் மகள். பைபிளே தெரியாத பக்கத்து வீட்டுப் பையனுக்கோ சிங்கம் உயிரோடு திரும்பியதே போதும். இருவருக்கும் கதை இடம் கொடுக்கிறது. ஞாயிறு பள்ளிப் பாடப் புத்தகங்களில் இதை நான் பார்த்ததில்லை.

கடைசி நூல் நெருடுகிறது. எதிரிகளான கலோர்மன்காரர்கள் கறுத்த தோலும் தலைப்பாகையுமாக வருகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும்போது நிறுத்திப் பேச வேண்டியிருக்கிறது. ஆனால் டாஷ் என்ற வேறு தெய்வத்தை மனதார வணங்கிய எமெத் என்ற கலோர்மன் வீரனை அஸ்லான் ஏற்றுக்கொள்வதும் அதே நூலில்தான். நாலு மதத்தார் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கும் வீவக (அரசு வீடமைப்பு) அடுக்குமாடியில் அந்தப் பக்கங்களை வாசிப்பது தனி அனுபவம்.

வாங்கினால், பிள்ளையிடம் கொடுக்கும் முன் பொருளடக்கத்தில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் 6, 1, 5, 2, 3, 4, 7 என்று எழுதிவிடுங்கள். அதுதான் வெளிவந்த வரிசை.