சுண்ணாம்பா, டிஸ்டெம்பரா, எமல்ஷனா? முதலில் சுவரைப் பாருங்கள்

எங்கள் வீடு மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறது. முன்கட்டு தாத்தா காலத்தது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். பின்கட்டை அப்பா 2004இல் சிமெண்டில் கட்டினார். சில வருஷங்களுக்கு முன் தீபாவளியை ஒட்டி, வீடு முழுக்க ஒரே எமல்ஷன் பெயிண்ட் அடித்தோம். பண்டிகையன்று பளிச்சென்று இருந்தது. தை பிறப்பதற்குள் முன்கட்டுக் கூடத்தில், தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. விரலால் தொட்டால் அப்பளம் போல் நொறுங்கி, உள்ளிருந்து வெள்ளை வெள்ளையாக உப்பு உதிர்ந்தது. அதே டப்பா, அதே ஆள், அதே வாரம் அடித்த பின்கட்டுச் சுவர் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

அதிலிருந்து, உள்சுவருக்கு எது நல்லது என்று யார் கேட்டாலும், எந்தச் சுவருக்கு என்றுதான் முதலில் கேட்கிறேன். கடைக்காரர் ஷேட் கார்டை நீட்டுவார். ஆயிரம் நிறம் இருக்கும். ஆனால் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது வேறு.

முன்கட்டில் நடந்தது இதுதான். பழைய வீடுகளில் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் இருக்காது. மண்ணிலிருக்கும் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும். இதைத்தான் ஓதம் என்கிறோம். அந்த ஈரம் தனியாக வருவதில்லை, மண்ணின் உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. சுண்ணாம்பு அடித்த சுவரில் ஈரம் வெளியே வந்து காய்ந்துபோகும். உப்பு மேலே பூக்கும், துடைத்துவிடலாம். எமல்ஷன் என்பது அக்ரிலிக் பிசின். காய்ந்தால் சுவர்மேல் மெல்லிய தோலாகப் படியும். அந்தத் தோல் ஈரத்தை எளிதில் வெளியே விடாது. உப்பு அதன் பின்னாலேயே படிகமாகி, பருத்து, தோலைத் தள்ளிவிடும். பெயிண்டின் தரத்தில் தப்பில்லை. இடம்தான் தப்பு.

ஓதத்துக்கு மேல் தண்ணீர் புகாத கோட்டிங் அடித்தால் சரியாகிவிடும் என்று எங்களுக்கும் ஒருவர் சொன்னார். கூடத்தின் ஒரு சுவரில் செய்து பார்த்தோம். ஈரம் இடுப்பு உயரத்தை விட்டுவிட்டு, கோட்டிங் முடிந்த இடத்துக்கு மேலே தோள் உயரத்தில் பூத்தது. போக வழியில்லாத தண்ணீர் மேலே ஏறத்தானே செய்யும்.

உங்கள் சுவர் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளச் செலவே இல்லாத சோதனை ஒன்று இருக்கிறது. இரண்டு அடிக்கு இரண்டு அடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் பின்பக்கம் நீர் கோர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்பக்கம் கோர்த்திருந்தால் அது அறையின் காற்றிலிருக்கும் ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி தீரும்.

சரி, சுண்ணாம்பு. இதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, ஏனென்றால் இதைத்தான் நாம் அதிகம் மறந்துவிட்டோம். சுட்ட சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சல் சுண்ணாம்பையோ தண்ணீரில் போட்டால் தளதளவென்று கொதித்து நீற்றுப்போகும். சுவரில் பூசிய பிறகு அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. பெயிண்ட் மாதிரி மேலே ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, சுவரோடு சேர்ந்துவிடுகிறது. காரத்தன்மை அதிகம் என்பதால் புதிதாக அடித்த சுவரில் பூஞ்சை எளிதில் வராது.

ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். நீற்றிய சுண்ணாம்பைக் குறைந்தது இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, மோர்ப் பதத்துக்குக் கரைக்க வேண்டும். கெட்டியாக அடித்தால் ஒரே தடவையில் வெள்ளை வந்துவிடும் என்று தோன்றும்; வரும், ஆறு மாதத்தில் பொருக்குத் தட்டி உதிரும். நீர்த்த பதத்தில் மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி விட்டு அடிப்பதுதான் முறை. அடிக்கும் முன் சுவரைத் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். அடித்தவுடன் ஒன்றுமே தெரியாது, வெறும் ஈரச் சுவர் மாதிரி இருக்கும். பயந்து மேலே மேலே அடிக்காதீர்கள். காயக் காயத்தான் வெள்ளை எழும்பும். முதல் தடவை நான் மதியம் சுண்ணாம்பு அடிக்கும் மட்டையைக் கீழே வைத்தபோது வீணாகிவிட்டதே என்று நினைத்தேன். சாயங்காலம் விளக்கேற்ற அம்மா கூடத்துக்குள் வந்து அப்படியே நின்றுவிட்டார். சின்ன வயதில் போகிக்கு முந்தின நாள் பார்த்த வெள்ளை அது.

துணியில் ஒட்டாமல் இருக்கக் கஞ்சியோ வஜ்ஜிரப் பசையோ கொஞ்சம் சேர்ப்பார்கள். மஞ்சள் தட்டாமல் இருக்கச் சிறிது நீலம். நிறம் வேண்டுமென்றால் காவி, மஞ்சள் காவி மாதிரி மண் நிறங்கள்தான் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும்; அதுவும் வெளிர் நிறமாகத்தான் வரும். அடர்நீலச் சுவர் கேட்பவருக்கு இது சரிப்படாது. இன்னொன்று, கண்ணில் தெறித்தால் கண்ணுக்கே ஆபத்து. கண்ணாடி போடாமல் யாரையும் சீலிங்குக்குச் சுண்ணாம்பு அடிக்க விடாதீர்கள், அது கூலி ஆளாக இருந்தாலும். குழந்தைகளை அந்தப் பக்கமே விடக்கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையோ மறுபடி அடிக்கத்தான் வேண்டும்.

டிஸ்டெம்பர் இரண்டுக்கும் நடுவில் நிற்பது. சாக்குப்பொடியும் பசையும்தான் அடிப்படை. விலை குறைவு, அடிப்பது சுலபம், நிறமும் கிடைக்கும். சாய்ந்து உட்கார்ந்தால் சட்டை முதுகில் ஒட்டும், ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தால் சுவரும் சேர்ந்து வரும். துடைக்கத்தக்கது என்று விற்கும் அக்ரிலிக் டிஸ்டெம்பர் கொஞ்சம் பரவாயில்லை. வாடகைக்கு விடும் அறைக்கும் சாமான் அறைக்கும் போதும். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

எமல்ஷனை நான் குறை சொல்லவில்லை. காய்ந்த சிமெண்ட் சுவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பதே என் அனுபவம். எங்கள் பின்கட்டில் என் பெண் கிரேயானில் போட்ட யானை, சோப்புத் தண்ணீர்த் துணியில் போய்விட்டது. சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. புதுச் சுவராக இருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். பூச்சு முடிந்து குறைந்தது 28 நாளாவது காய வேண்டும். கிரகப்பிரவேசத் தேதியைப் பிடித்துக்கொண்டு ஈரச் சுவரில் பட்டி பார்த்து (சுவரை வழவழப்பாக்க மாவுப் பூச்சு இழுத்து) பெயிண்ட் அடித்த வீடுகளில்தான் முதல் வருஷமே திட்டுத்திட்டாக வெளுக்கிறது.

மினுமினுப்பா, மினுக்கமில்லாத மேட் வகையா என்ற கேள்வியும் வரும். மினுமினுப்பான வகை துடைக்க எளிது. ஆனால் சுவரின் மேடுபள்ளம் அத்தனையையும் காட்டிக்கொடுக்கும், அதிலும் டியூப்லைட் சுவரிலேயே மாட்டியிருந்தால். பூச்சு வேலை சுமாராக இருக்கும் வீட்டில் மேட் எடுங்கள். பிறகு ஓர் இடத்தில் மட்டும் தொட்டு அடித்தாலும் அவ்வளவாகத் தெரியாது.

அளவுக்கு ஒரு கணக்கு. 12க்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்றால் நான்கு சுவரும் 440 சதுர அடி. ஒரு கதவும் இரண்டு ஜன்னலும் கழித்தால் ஏறத்தாழ 390. நல்ல பட்டி பார்த்த சுவரில் லிட்டருக்கு நூறு சதுர அடிவரை இரண்டு கோட் வந்தது எனக்கு. ஆக ஓர் அறைக்கு ஒரு 4 லிட்டர் டப்பா.

ஒன்றின் மேல் ஒன்று அடிப்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய சுண்ணாம்பின் மேல் நேராக எமல்ஷன் அடித்தால், அடியிலிருக்கும் பொடி பிடி கொடுக்காது. தாள் தாளாக உரிந்து வரும். எமல்ஷன் மேல் சுண்ணாம்பு ஒட்டவே ஒட்டாது, ஏனென்றால் அது உறிஞ்சும் சுவரைத்தான் பிடிக்கும். ஈரக்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். கை வெள்ளையானால் அடியில் சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ இருக்கிறது. சுரண்டி, கழுவி, காயவிட்டு, பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடித்த பிறகுதான் எமல்ஷன். எங்கள் கூடத்தில் எமல்ஷனைச் சுரண்டியெடுக்க இரண்டு பேருக்கு நான்கு நாள் ஆனது. சுண்ணாம்பு அடித்த செலவைவிடச் சுரண்டிய கூலி அதிகம்.

நாமே அடிக்கலாமா, ஆள் வைக்கவா? சுண்ணாம்பும் ரோலரில் எமல்ஷனும் தாராளமாக நாமே அடிக்கலாம். பட்டி பார்ப்பதை மட்டும் தெரிந்த ஆளிடம் விடுங்கள். பட்டி இழுக்கும் தகட்டைச் சுவரில் ஒரே சீராக இழுக்கக் கை பழக வருஷக்கணக்கு ஆகும், நான் பழகிப் பார்த்துத் தோற்றேன். கதவு ஜன்னலின் பழைய எனாமலை உப்புத்தாள் வைத்து உலர்வாகத் தேய்க்கவும் வேண்டாம். பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சின் தூசியில் ஈயம் இருக்கலாம், குழந்தைகளுக்கு அது மிகக் கெடுதல். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, கழிவை ஈரத்துணியில் ஒற்றியெடுங்கள்.

எப்போது அடிப்பது என்பதில் மட்டும் சுண்ணாம்புக்கும் எமல்ஷனுக்கும் சண்டை இல்லை. ஐப்பசி கார்த்திகையில் எங்கள் பக்கத்துச் சுவர் எதுவுமே காய்ந்திருக்காது. சித்திரை வெயிலில் சுண்ணாம்பு கல்லாகும் முன்னே காய்ந்து பொடியாகிவிடும். தை மாசியில் பகல் முழுக்க ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு முன்கட்டில் மட்டை, பின்கட்டில் ரோலர் என்று இரண்டு வேலையையும் சேர்த்தே முடித்துவிடுகிறோம்.